ஐந்தாவது குரல்

பதிவு செய்திருந்த மௌனத்தில் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

பர்சானா ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு அதே இடத்தை மறுபடி ஓடவிட்டாள். முதலில் அந்த அறையின் வழக்கமான வெறுமை, தகரக் கூரையில் பனி சொட்டுவது எங்கோ தொலைவில் கேட்பதுபோல ஒரு மெல்லிய இரைச்சல், பிறகு அது. ஈரமாக, நிதானமாக, தொண்டைக்குள் இறங்கும் ஒரு சத்தம். தான்தான் விழுங்கியிருப்போம் என்று நினைத்தாள். ஆனால் மௌனத்தைப் பதிவு செய்யும்போது அவள் அறையில் இருப்பதில்லை. பொத்தானை அழுத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் வந்து நிற்பாள்.

அவள் வேலை அப்படி. சென்னையில் உள்ள ஓர் ஒலிப்புத்தக நிறுவனத்துக்காக நாவல்களை வீட்டிலிருந்தே வாசித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். வாக்கியங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அவர்களுக்கு அந்த அறையின் மௌனமும் கொஞ்சம் வேண்டும். இப்போது கையில் இருந்தது ஓர் இருண்ட மாயக்கதையின் இரண்டாம் பாகம். மலைக்கோட்டை, அரியணைக்காகக் கழுத்தறுக்கப்பட்ட பெண்கள், அவர்களுடைய சாபம் என்று முதல் பாகம் நன்றாக ஓடியிருந்தது. இரண்டாம் பாகத்தை ஐந்து பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள். அரசன், அவனுக்காகக் கொலை செய்பவன், ஒரு பூசாரி, கணவனுக்கு விஷம் வைக்கும் ராணி, கடைசியில் செத்துப்போன ஒருத்தி. ஐந்து பாத்திரத்துக்கும் ஐந்து குரல்கள்; வாசிப்பவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். பர்சானாவுக்கு ராணியின் குரல். படுக்கையில் கணவனை அணைத்தபடியே அவன் வாயில் விஷத்தை ஊட்டும் இடத்தை முதல் தடவை வாசித்தபோது, யாருமில்லாத அறையிலும் அவளுக்குக் காது சுட்டது. செத்துப்போனவளின் குரல் மட்டும் இன்னும் அமையவில்லை. எழுதுகிறவர் அந்த அத்தியாயத்தையே இன்னும் தரவில்லை என்று சொன்னார்கள்.

வீடு கோத்தகிரி பக்கம் கட்டபெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, தேயிலைக்கு நடுவே இறங்கும் மண்பாதையின் முடிவில் இருந்தது. வண்டிச் சத்தம் வராது என்பதற்காகவே வாடகைக்குப் பிடித்த வீடு. படுக்கையறையை ஒட்டிய ஜன்னலில்லாத சாமான் அறையின் சுவர்களில் கனத்த பஞ்சுப் போர்வைகளான பழைய ரஜாய்களைத் தொங்கவிட்டு அதைத்தான் பதிவறை ஆக்கியிருந்தாள். மழைக்காலம் வந்தால் அந்த ரஜாய்கள் ஈரத்தை இழுத்துக்கொண்டு கனத்துப்போகும்; அந்துருண்டை வாசமும் பூஞ்சை வாசமும் சேர்ந்து அடிக்கும்; கதவைச் சாத்தினால் தன் இதயம் துடிப்பதைத் தவிர வேறெதுவும் கேட்காது.

மறுநாள் மௌனத்தில் எச்சில் சத்தம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மூச்சு. வெளியே விடும் மூச்சல்ல. நீளமாக உள்ளே இழுக்கும் மூச்சு. அது எதற்கான மூச்சு என்று அவளுக்குத் தெரியும். வாசிக்கிறவர்கள் முதல் வார்த்தைக்கு முன்னால் இழுப்பது. இழுத்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அவள் அதை வெட்டிவிட்டு மற்றதை அனுப்பினாள். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து ஸ்டெபி கூப்பிட்டாள். பதிவுகளை ஒட்டித் திருத்துகிற பெண் அவள். சென்னையில் எங்கோ ஒரு அடுக்குமாடியில் ராத்திரி பகல் பார்க்காமல் மற்றவர்களின் குரல்களோடு வாழ்கிறவள். ராணியின் பகுதியைப் பாராட்டினாள். பிறகு கொஞ்சம் குறைபட்டுக்கொண்டாள்.

“அக்கா, அஞ்சாவது குரல நீங்களே ஏற்பாடு பண்ணிட்டீங்களா? சொல்லவே இல்லையே.”

பர்சானாவுக்குப் புரியவில்லை.

“உங்க அத்தியாயம் முடிஞ்சு, மௌனத்துக்கு அப்புறம் ஒருத்தங்க வாசிக்கறாங்களே. செத்துப்போனவளோட பகுதி. நல்லாவே இருக்குக்கா. ஆனா அது எங்களுக்கே இன்னும் எழுதி வரல. உங்களுக்கு யாரு குடுத்தாங்க?”

பர்சானா ஏதோ சொல்லிச் சமாளித்து ஃபோனை வைத்தாள். தான் அனுப்பிய பதிவைத் திறந்து கடைசி வரை போனாள். இருந்தது. தணிந்த, சற்றே கரகரத்த ஒரு பெண் குரல். அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் வாயில் வைத்துப் பார்த்து இறக்குவதுபோல வாசித்துக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் கிடப்பவள் தன் மேல் நடப்பவர்களின் காலடிகளை ஒவ்வொன்றாக அடையாளம் சொல்கிற இடம். அவள் அதை அனுப்பும்போது அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாதிருந்தது.

வெளியே பகல் மூன்று மணிக்கே பனி இறங்கி, சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அவள் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு நௌமானுக்காகக் காத்திருந்தாள்.

நௌமானுக்கு கோத்தகிரி பஜாரில் ஹார்டுவேர் கடை. அவனுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி ஆரிஃபா தொண்டைப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கடைசி வருஷம் முழுக்க அவளுக்குப் பேச்சே இல்லை. ஃபோனில்கூட அவள் குரலைப் பிடித்து வைக்காமல் போய்விட்டேன் என்று கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் பர்சானா ஊட்டியில் உள்ளூர் வானொலியில் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தாள். கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தபோது அவள் குரலைக் கேட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமலே பெண் கேட்டு வந்தவன் என்று அவள் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு ஏதாவது சொல்லு என்பான். கண்ணை மூடிக்கொள்வான். அவன் கை இருட்டில் தேடி வந்து அவள் தொண்டையில் படிந்து, குரல் அதிர்வதைத் தொட்டுக்கொண்டே கிடக்கும். அதை அவள் ஆசை என்றே எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் பெயின்ட் வாசத்தோடும் ஈரச் சட்டையோடும் வந்து உட்கார்ந்ததும், இதைக் கேட்டுவிட்டு ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு என்று சிரித்துவிடுவான் என்ற நம்பிக்கையில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவும் இல்லை.

“ஆரிஃபா” என்றான்.

அவள் அவன் தோளைத் தொட்டாள். அவன் நகர்ந்துகொண்டான். திரும்பவும் போடச் சொன்னான். பிறகு அவளைக் கேட்காமல் தானே போட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் கடையைச் சீக்கிரம் அடைக்க ஆரம்பித்தான். பனியோடு சேர்ந்து வருவான். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நேரே பதிவறைக்குப் போவான். தினமும் மௌனத்தைப் பதிவு செய்யச் சொன்னான். குரல் இப்போது நாவலை வாசிப்பதில்லை, சாதாரணமாகப் பேசியது. கேஸை அணைச்சீங்களா என்றது. மழையில் நனைஞ்சிட்டு வராதீங்க என்றது. அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான். பர்சானாவுக்குப் பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் பார்த்ததே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன்னால் தர முடியாத நிம்மதி. செத்தவள்மேல் பொறாமைப்படுகிறோமே என்று அவளுக்கே கூசியது. அதனால்தான் அவன் அடுத்ததாகக் கேட்டதற்கும் சம்மதித்தாள்.

“நீ உள்ள உக்காந்துக்க பர்சானா. நீ இருந்தா இன்னும் தெளிவா வருது. பேச வேண்டாம். சும்மா இரு, போதும்.”

ரஜாய்களுக்கு நடுவே, இருட்டில், மைக்குக்கு முன்னால் வாயை மூடி உட்கார்ந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் ஹெட்ஃபோனோடு இருந்தான். அவள் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஈரத் துணியின் கனம் நாலு பக்கமும். அந்துருண்டை. கொஞ்ச நேரம் போனதும் தொண்டையில் மெல்லிய அரிப்பு. உள்ளிருந்து எதையோ நூல் நூலாக, வலிக்காமல், பிரித்து எடுப்பதுபோல. கதவுக்கு வெளியே அவன் மெதுவாகச் சிரித்தான்.

முதல் வாரம் அவள் குரல் கட்டியது. அடுத்த வாரம் உடைந்தது. ராணியின் கடைசி அத்தியாயத்தை அவளால் முடிக்க முடியவில்லை. குன்னூரில் மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுத் தொண்டை சுத்தமாக இருக்கிறது, பேசாமல் ஓய்வெடுங்கள் என்றார். ஸ்டெபி ஃபோனில் அவளை அடையாளம் தெரியாமல், பர்சானா அக்கா இல்லீங்களா என்று கேட்டாள். ஆனால் பதிவில் இருந்த குரலின் கரகரப்பு நாளுக்கு நாள் குறைந்து வந்தது. தெளிந்தது. இனித்தது.

ஒரு சாயங்காலம் அது அவனை மச்சான் என்று கூப்பிட்டது. அவன் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவளுக்கும் கேட்டது. அடுப்படியிலிருந்து வந்து அவன் முன்னால் நின்றாள்.

“ஆரிஃபாக்கா உங்கள மச்சான்னா கூப்புடுவாங்க?” குரலே எழவில்லை. மூச்சில்தான் கேட்டாள்.

“இல்ல. ‘என்னங்க’ம்பா.”

“நாந்தானே மச்சான்னு கூப்புடறது. இப்ப அது சொல்லுதே.”

அது என்று அவள் சொன்னது அவனுக்குப் பிடிக்கவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“எப்படிக் கூப்புட்டா என்ன. கூப்புடறாளே” என்றான்.

அவன் கடைக்குப் போன பிறகு மறுநாள் காலை அவள் தனியாக உட்கார்ந்து அந்தப் பதிவை எடுத்தாள். பெண் குரல் இருக்கும் இடங்களை விட்டுவிட்டு, அது பேசி முடித்து அடுத்தது பேசுமுன் விடுகிற இடைவெளிகளை மட்டும் எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். முதலில் இரைச்சல். இன்னும் கூட்டினாள். அலை பின்வாங்குவதுபோல ஒரு சத்தம். இன்னும் கொஞ்சம். அது அலை இல்லை. மூச்சு. ஒரு மூச்சு இல்லை. ஆணும் பெண்ணும், கிழமும் குழந்தையும், நெருக்கியடித்துக்கொண்டு, எத்தனை பேர் என்றே சொல்ல முடியாதபடி. எல்லோரும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் முறைக்காக. ஆரம்பிப்பதற்காக.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள். கிடைத்த துணியைப் பையில் திணித்துக்கொண்டு மேலே சாலைக்கு ஓடி, ஊட்டி பஸ்ஸில் ஏறினாள்.

அண்ணன் சர்தாருக்கு ஊட்டி பஜாரில் துணிக்கடை. கடைக்கு மேலேதான் வீடு. வண்டிச் சத்தமும் பேரம் பேசுகிற சத்தமும் இரைச்சலாக இருந்த அந்த வீட்டில் அவள் இரண்டு நாள் தூங்கினாள். பேச்சு முழுவதுமாகப் போய்விட்டிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நௌமான் கூப்பிடவே இல்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. சாப்பிட்டானா, கடை திறந்தானா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மத்தியானம், தன்னால் பேச முடியாது என்று தெரிந்தும், அவன் குரலையாவது கேட்கலாம் என்று வீட்டு லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டாள்.

எடுத்தார்கள். ஒரு மூச்சு உள்ளே போயிற்று.

“சொல்லுங்க, பர்சானா பேசறேன்.”

அவளுடைய குரல். வானொலியில் வாசித்த காலத்துக் குரல். அவள் உதடு அசைந்தது, சத்தமில்லை. அந்தப் பக்கம் கொஞ்சம் காத்திருந்தார்கள்.

“யாருன்னு தெரியலீங்க மச்சான். பேசவே மாட்டேங்கறாங்க.”

துண்டிக்கப்பட்டது.

அவள் எல்லாவற்றையும் ஃபோனில் தட்டித் தட்டி சர்தாருக்குக் காட்டினாள். சர்தார் படித்தான். பேயையும் குரலையும் பற்றிய பகுதியைத் தாண்டிப் போய்விட்டான். வீட்டில் ஒரு பெண் ஃபோனை எடுத்தாள் என்பது மட்டும்தான் அவனுக்கு உறைத்தது. எவளையோ கொண்டுவந்து வைத்திருக்கிறான், தங்கச்சிக்குப் பேச்சு நின்றுபோனதும் அந்த அதிர்ச்சியில்தான் என்று முடிவு கட்டிவிட்டான். வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கார் சாவியை எடுத்தான். தனியாக அவனை அந்த வீட்டுக்கு அனுப்ப அவளுக்கு மனமில்லை. அவளும் ஏறிக்கொண்டாள்.

கட்டபெட்டு தாண்டியதும் பனி சாலையை மூடிவிட்டது. மண்பாதையில் வண்டி வழுக்கும் என்று மேலேயே நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார்கள். சாயங்காலம் ஆகுமுன்பே இருட்டு. தேயிலையின் பச்சை வாசமும் ஈர மண்ணின் வாசமும் மூக்கில் ஏறின. புதருக்குள் காட்டுமாடு நிற்கலாம் என்று சர்தார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினான். கீழே எங்கோ வீட்டின் விளக்கு, பாலில் கரைந்த மஞ்சள்போல, வருவதும் போவதுமாக இருந்தது.

பாதி வழியில் அவள் கால் சறுக்கியது. முழங்கால் கல்லில் மோதியது. கை நழுவிவிட்டது. எழுந்து நின்றபோது முன்னால் வெள்ளை. அவன் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணே என்று கத்தினாள். காற்று.

கீழே கதவு திறக்கும் ஓசை.

“அண்ணே, உள்ள வாங்க. ஈரத்துல நிக்காதீங்க.”

அவள் குரல்.

செருப்புச் சத்தம் நின்றது. சர்தார் பேசியது தெளிவாகக் கேட்டது. அவன் குரலில் சந்தோஷம் இருந்தது.

“எப்ப புள்ள முன்னாடி போனே? பேச்சு வந்துருச்சா உனக்கு?”

அவள் ஓடினாள். தேயிலைச் செடிகள் காலைக் கிழித்தன. விழுந்தாள். எழுந்தாள். வாசலை அடைந்தபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. இரண்டு கையாலும் அடித்தாள். தலையால் முட்டினாள்.

“யாருங்கண்ணே அது?” உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

பதில் இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டே பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடியின் உள்பக்கம் மூச்சு படிந்து மங்கியிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் தெரிந்தது.

நௌமான் கூடத்தில் நாற்காலியில் இருந்தான். தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. ஒரு மனிதனுக்குத் திறக்க முடிகிற அளவைத் தாண்டித் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. அதற்குள்ளிருந்துதான் அவள் குரல் வந்துகொண்டிருந்தது. செத்துப்போனவளின் அத்தியாயத்தை நிதானமாக, இனிமையாக வாசித்துக்கொண்டிருந்தது.

அவன் காலடியில் சர்தார் மண்டியிட்டிருந்தான். நனைந்த செருப்போடு.

அவள் கண்ணாடியை அறைந்தாள்.

சர்தார் திரும்பினான். அவளைப் பார்த்தான். அவன் கண் அகன்றது. வாய் அவள் பெயரைச் சொன்னது. பர்சானா. மறுபடி. மறுபடி. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. சத்தம் இல்லை. அவன் கை தன் தொண்டைக்குப் போயிற்று.

நௌமானின் திறந்த வாய்க்குள் வாசிப்பு நின்றது. நீளமாக ஒரு மூச்சு உள்ளே போயிற்று. பிறகு, அந்த வாயிலிருந்தே, சர்தாரின் குரல் சாவகாசமாகப் பதில் சொன்னது.

“யாரும் இல்ல. காட்டுமாடா இருக்கும். நீ சொல்லு.”